தலைநகரின் அரசு அலுவலகங்களும் மரபுக் கட்டடங்களும்: சென்னையை வைத்து ஓர் எளிய விளக்கம்

அரசு நடப்பதற்கு இடம் வேண்டும். அமைச்சருக்கு ஓர் அறை, செயலாளருக்கு ஓர் அறை, பிரிவு அலுவலர்களுக்கும் உதவியாளர்களுக்கும் மேசைகள், கோப்புகளுக்கு அலமாரிகள், மனுவோடு வந்து காத்திருப்பவர்களுக்கு நிழலும் நாற்காலியும், வண்டிகள் நிறுத்தத் திடல் என்று அந்தத் தேவை ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகும். தலைநகரங்களில் இந்தத் தேவை பெரும்பாலும் நகரத்தின் மிகப் பழைய பகுதியிலேயே வந்து குவிகிறது. ஆட்சி முதன்முதலில் அமர்ந்த கட்டடங்களே இன்று மரபுக் கட்டடங்களாக நிற்பதும், அவற்றை விட்டு நகர ஆட்சிக்கு எளிதில் மனம் வராததும் இதற்குக் காரணங்கள். ஆகவே ஒரே கட்டடத்தின்மேல் இரண்டு உரிமைகள் எழுகின்றன: இன்றைய வேலைக்கு அது உதவ வேண்டும் என்பது ஒன்று, நேற்றைய வரலாற்றை அது சிதையாமல் நாளைக்குக் கொடுக்க வேண்டும் என்பது மற்றொன்று. இந்த இரண்டையும் ஒருசேர எண்ணித் திட்டமிடுவது எப்படி என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இதைச் சென்னையை வைத்தே விளக்குகிறேன். தலைமைச் செயலகம் எங்கே இருக்க வேண்டும் என்ற கேள்வி எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்ப எழுந்த நகரம் இது; இடித்தது, காத்தது, கட்டிவிட்டு வேறு வேலைக்குக் கொடுத்தது என்று எல்லாவகை முடிவுகளுக்கும் இங்கே சான்று உண்டு.

முதலில் அலுவலக இடத்திட்டம் என்றால் என்ன என்று பார்ப்போம். எத்தனை பேர் எங்கே உட்காருவது என்று படம் போடுவது அதன் கடைசிக் கட்டம் மட்டுமே. அதற்கு முன் கேட்க வேண்டியவை பல. இந்த அலுவலகத்தில் உண்மையில் எத்தனை பேர் பணிபுரிகிறார்கள், ஒப்பளிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, பத்து ஆண்டுகளில் எந்தப் பிரிவு வளரும், எது கணினியில் கரையும்? யார் யாருக்குப் பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்? நிதித் துறையின் செயலாளர் சட்டமன்றக் கூட்டத்தொடரின்போது நிமிடங்களில் அவைக்கு வந்து சேர வேண்டியவர். ஆனால் அதே துறையின்கீழ் வரும் ஒரு கணக்குப் பிரிவுக்கு அந்த அண்மை தேவையில்லை. எந்த அலுவலகத்துக்கு நாள்தோறும் பொதுமக்கள் வருகிறார்கள், எதற்கு ஊழியரைத் தவிர வேறு யாரும் வருவதில்லை? இந்தக் கேள்விகளுக்கு விடை எழுதிய பிறகே சதுர அடிக் கணக்கு வரும். அந்தக் கணக்கிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுவர், படிக்கட்டு, தாழ்வாரம் எல்லாம் சேர்ந்த கட்டுமானப் பரப்பு வேறு. மேசை போட்டு உட்காரக்கூடிய புழங்கு பரப்பு வேறு. இரண்டடிக்கு மேல் கனத்த சுவர்களும் அகன்ற தாழ்வாரங்களும் கொண்ட பழைய கட்டடத்தில் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வேறுபாடு பெரிதாக இருக்கும். அதை மட்டும் வைத்துப் பார்த்தால் பழைய கட்டடம் எப்போதும் தோற்றுத்தான் போகும். வெயில் நேரே சுவரில் படாமல் காக்கும் அந்தத் தாழ்வாரமே காத்திருப்போருக்கான கூடமாகவும் பயன்படும் என்பதைக் கணக்கில் எழுதினால் விடை மாறும்.

அலுவலகம் என்றவுடன் நாம் மனிதர்களை நினைக்கிறோம். கட்டடத்துக்குப் பெரும் சுமையாவது காகிதம். கட்டடங்களின் தளச் சுமைக்கான இந்தியத் தரக் குறிப்பான ஐ.எஸ். 875, கோப்புகளைத் தனியே வைக்க வசதியுள்ள அலுவலக அறைக்குச் சதுர மீட்டருக்கு 2.5 கிலோநியூட்டன் என்று கணக்கிடச் சொல்கிறது; கோப்புகளைச் சேமிக்கும் அறைக்கோ அதைப்போல் இரண்டு மடங்கு, அதாவது சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ. பழைய கட்டடங்களின் மேல்தளம் பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ் முறையில் அமைந்தது. தேக்கு உத்தரங்களின்மேல் சிறு செங்கற்களை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்புக் காரையால் பிணைத்த தளம் அது. நன்றாகப் பராமரித்தால் நூறாண்டுகளுக்கு மேல் நிற்கும். ஆனால் எஃகு பீரோக்களை வரிசையாக நிறுத்தி, அவற்றின்மேலும் கட்டுகளை அடுக்கினால் உத்தரம் தொய்யும், தளம் விரியும், விரிசல் வழியே மழைநீர் இறங்கும், ஈர மரத்தில் கரையான் ஏறும். இத்தனைக்கும் அங்கே யாரும் எதையும் இடிக்கவில்லை. ஒரு பீரோவை உள்ளே கொண்டுவந்தார்கள், அவ்வளவுதான்.

இதை முன்னோர் அறியாமல் இல்லை. 1909-இல் எழும்பூரில் ஆவணங்களுக்கென்றே தனியாகக் கட்டிய ஆவணக் காப்பகம் இன்றும் தமிழ்நாடு ஆவணக் காப்பகமாக இயங்குகிறது. புனித ஜார்ஜ் கோட்டைச் செயலகத்தில் குவிந்திருந்த பழைய ஆவணங்கள் அங்கே போய்ச் சேர்ந்தன. மனிதர்களை நகர்த்தாமல், சுவரை இடிக்காமல், காகிதத்தை மட்டும் தகுந்த இடத்துக்கு நகர்த்தி அலுவலகத்துக்கு இடம் உண்டாக்கிய அந்த முடிவை ஒரு நல்ல திட்டமிடலின் முன்மாதிரியாகவே நான் கருதுகிறேன். கோப்புகள் மின்வடிவுக்கு மாறிவரும் இன்று அதே வழி மறுபடியும் திறந்திருக்கிறது. எந்தக் கோப்பை அழிக்கலாம், எதைக் காப்பகத்துக்கு அனுப்பலாம், எதைக் கையருகே வைத்திருக்க வேண்டும் என்று தரம் பிரிக்கும் வேலை அலுப்பூட்டுவதுதான். ஆயினும் ஒரு பழைய கட்டடத்தைக் காக்கும் முதல் வேலையாக அதுவே அமைவது உண்டு.

அடுத்து, பாதுகாத்தல் என்றால் என்ன என்பதில் ஒரு தெளிவு வேண்டும். எல்லாப் பழைய கட்டடங்களும் காக்கத்தக்கவை என்று யாரும் சொல்வதில்லை. ஒரு கட்டடத்தில் எது மதிப்புடையது என்று முதலில் எழுதிக்கொள்வார்கள். அது முகப்பாக இருக்கலாம், ஒரு மாடிப்படியாக இருக்கலாம், ஒரு மண்டபத்தின் உயரமும் ஒளியும் இருக்கலாம், அங்கே நடந்த நிகழ்ச்சியாகவும் இருக்கலாம். அந்த மதிப்பு தங்கியிருக்கும் பகுதிகளில் கை வைக்கக் கூடாது. மற்றப் பகுதிகளில் இன்றைய வசதிகளைச் செய்துகொள்ளலாம். கழிப்பறைகளையும் மின்தூக்கியையும் பின்னாலிருக்கும் பிற்காலச் சேர்க்கைப் பகுதியில் வைத்துவிட்டு, முன்மண்டபத்தைத் தடுப்புகள் இல்லாமல் விடுவது இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான சாய்தளமும் மின்தூக்கியும் 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பொதுக் கட்டடங்களுக்குக் கடமை. மரபைக் காரணம் காட்டி அதைத் தவிர்ப்பது நேர்மையன்று. எங்கே, எப்படி வைப்பது என்பதில்தான் கட்டடக் கலைஞரின் திறமை தெரியும்.

அன்றாட அலுவலகப் பயன்பாடு ஒரு மரபுக் கட்டடத்தை எங்கே கொண்டுபோய் விடும் என்பதைச் சேப்பாக்கம் காட்டியது. ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா 1768-இல் எழுப்பிய அரண்மனை அது. கலசா மகால், ஹுமாயூன் மகால் என்று இரு பகுதிகள் கொண்டது. 1855-இல் கடைசி நவாப் வாரிசின்றி இறந்த பிறகு அரசின் கைக்கு வந்து, ராபர்ட் சிசம் என்னும் கட்டடக் கலைஞரின் சேர்க்கைகளோடு வருவாய்த் துறைக்கும் பொதுப்பணித் துறைக்கும் இருப்பிடமாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளாக அங்கே அலுவலகங்கள் நடந்தன. தடுப்புப் பலகைகள், தொங்கும் மின்கம்பிகள், மேலிருந்து கீழ்வரை காகிதக் கட்டுகள், இவற்றுக்கெல்லாம் மேலே உலர்ந்த மரக் கூரை. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறையின்போது, கலசா மகாலில் தீப்பிடித்தது. கூரை இடிந்து விழுந்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். எரிந்த சுவர்கள் மட்டுமே எஞ்சிய அந்தக் கட்டடத்தை இடித்துவிடலாம் என்ற எண்ணம் எழுந்திருக்கக்கூடிய நேரம் அது. ஆனால் பொதுப்பணித் துறை அதைச் சுண்ணாம்புக் காரையும் மரமும் கொண்டு பழைய முறையிலேயே மீட்டெடுத்தது. துறைக்குள்ளேயே மரபுக் கட்டடங்களுக்கெனத் தனிக் கோட்டம் ஒன்றும் உருவாயிற்று. அடுத்து ஹுமாயூன் மகாலும் சீரமைக்கப்பட்டது.

மீட்டெடுத்த கலசா மகாலில் இப்போது தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இயங்குகிறது. இந்தத் தேர்வைக் கவனிக்க வேண்டும். தீர்ப்பாயத்துக்கு உயர்ந்த மண்டபம் வேண்டும், காத்திருக்கக் கூடம் வேண்டும், மதிப்பான முகப்பு வேண்டும். நூற்றுக்கணக்கான மேசைகள் வேண்டியதில்லை. அரண்மனையிடம் இருப்பதும் இவைதாம். மரபுக் கட்டடத்துக்குப் புதுப் பயன் தேடும்போது, காலியாக உள்ளது என்பதற்காக அடுத்து வரிசையில் நிற்கும் அலுவலகத்தை உள்ளே அனுப்புவது பெருந்தவறு. கட்டடத்தின் இயல்பு எந்த வேலைக்கு ஒத்துவருகிறது என்று பார்த்து அந்த வேலையை அழைக்க வேண்டும். பொருந்தாத பயன்பாட்டை உள்ளே திணித்தால் ஒவ்வொரு நாளும் ஓர் ஆணி, ஒரு தடுப்பு, ஒரு குழாய் என்று கட்டடம் குறைந்துகொண்டே வரும்.

இனி இந்தப் பொருளின் மையத்துக்கு, புனித ஜார்ஜ் கோட்டைக்கு வருவோம். 1639-இல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த மானிய நிலத்தில் அடுத்த ஆண்டே எழத் தொடங்கிய கோட்டை அது. 1680-இல் திருநிலைப்படுத்திய புனித மேரி தேவாலயம் உள்ளே இருக்கிறது; பழைய வணிகர் மன்றக் கட்டடத்தில் 1948 முதல் அருங்காட்சியகம் இருக்கிறது; 1746-இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரிக்குக் கொண்டுபோய், பின்னர் ஆங்கிலேயர் திரும்பக் கொண்டுவந்த கருங்கல் தூண்களும் இருக்கின்றன. இவற்றுக்கு நடுவேதான் தமிழ்நாட்டின் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் நடக்கின்றன. கோட்டைக்குள் ராணுவமும் உண்டு, இந்தியத் தொல்லியல் துறையும் உண்டு, மாநில அரசும் உண்டு. மூன்று தரப்பும் ஒரே மதிலுக்குள் இருப்பதால், ஒரு சுவரில் வெள்ளையடிப்பதற்குக்கூட யாரிடம் கேட்க வேண்டும் என்ற கேள்வி எழக்கூடிய இடம் அது.

சட்டமும் அங்கே கடுமையானது. 1958-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்ட சின்னம் ஒன்றைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதிதாக எதையும் கட்டக் கூடாது. அதற்கப்பால் மேலும் 200 மீட்டர் வரை அனுமதி பெற்றே கட்ட வேண்டும். 2010-ஆம் ஆண்டுத் திருத்தம் இதைச் சட்டத்திலேயே எழுதிவைத்ததோடு தேசிய நினைவுச்சின்ன ஆணையத்தையும் உருவாக்கியது. கோட்டைக்குள் பத்து மாடிகளோடு நிற்கும் நாமக்கல் கவிஞர் மாளிகை இந்தத் திருத்தத்துக்கு முற்பட்டது. அது செயலகத்தின் இட நெருக்கடியைப் பெருமளவு தணித்தது என்பது உண்மை. தாழ்ந்த கூரைகளும் மதிலும் கொண்ட ஒரு கோட்டையின் தோற்றத்தில் அது வந்து புகுந்து நிற்கிறது என்பதும் உண்மை. இன்று அப்படி ஒன்றைக் கட்ட முடியாது. ஆகவே கோட்டைக்குள் இடம் வளராது. தேவை மட்டுமே வளரும்.

தேவை சில சமயம் சுருங்கவும் செய்யும். 1952-இல் முதல் பொதுத்தேர்தலுக்குப் பின் அன்றைய சென்னை மாநிலச் சட்டமன்றத்துக்கு 375 உறுப்பினர்கள். கோட்டையில் இருந்த மன்றம் அவர்களைக் கொள்ளாது. ஆகவே அரசினர் தோட்டத்தில், இன்று ஓமந்தூரார் பெயர் தாங்கும் வளாகத்தில், புதிதாக ஒரு மன்றம் கட்டி அவையை அங்கே நடத்தினார்கள். 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. 1957 தேர்தலில் உறுப்பினர் எண்ணிக்கை 205 ஆயிற்று. அவை கோட்டைக்கே திரும்பியது. காலியான மன்றம் சிறுவர் அரங்கமாகி, பிறகு கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது. அன்று அவசரப்பட்டுக் கோட்டை மன்றத்தை இடித்துப் பெரிதாக்கியிருந்தால், ஐந்தே ஆண்டுகளில் அந்தப் பெரிய மன்றம் தேவையற்றதாகியிருக்கும். நிரந்தரக் கட்டடத்தை மாற்றும் முன் தற்காலிக இடம் ஒன்றில் தேவையைச் சோதித்துப் பார்ப்பது எவ்வளவு அறிவுடையது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2020-இல் கொரோனாப் பெருந்தொற்றின்போது இடைவெளி விட்டு அமர இடம் போதாமல் அவை கூடியதும் கலைவாணர் அரங்கத்தில்தான். ஆனால் அது 1952-இன் கட்டடம் அன்று, பழையதை இடித்துவிட்டு 2016-இல் திறந்த புதிய அரங்கம்.

இடத்தேவையும் பழைய கட்டடமும் நேருக்கு நேர் மோதும்போது என்ன நடக்கும் என்பதற்கு 1990களின் சென்னை இரு எதிரெதிர் விடைகளைத் தந்தது. கடற்கரை ரயில் நிலையத்துக்கு அருகே ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இருந்த பெண்டிங்க் கட்டடம், 1892-இல் இன்றைய கட்டடத்துக்குச் செல்லும் முன் சென்னை உயர் நீதிமன்றம் இயங்கிய இடம். அதை இடித்துவிட்டு அங்கே சிங்காரவேலர் மாளிகை என்ற பல மாடிக் கட்டடத்தை எழுப்பினார்கள். முன்னால் நின்ற கார்ன்வாலிஸ் மண்டபம் மட்டும் இன்று தனியே நிற்கிறது. அதே பத்தாண்டில் மெரினாவில் காவல்துறைத் தலைமையகத்துக்கும் அதே முடிவு எழுதப்பட்டது. ஃப்ரீமேசன் என்னும் சகோதரத்துவக் கழகத்தினர் 1839-இல் கட்டிய அந்த வெள்ளைத் தூண் மாளிகையை 1874-இல் காவல்துறை 20,000 ரூபாய்க்கு வாங்கியிருந்தது. இடம் போதவில்லை, இடித்துப் பன்மாடிக் கட்டடம் எழுப்புவோம் என்று 1993-இல் அரசு முடிவெடுத்தபோது, இன்டாக் என்னும் மரபுப் பாதுகாப்பு அமைப்பு நீதிமன்றம் சென்றது. நகரத்தில் எதிர்ப்பும் வலுத்தது. அரசு முடிவை மாற்றிக்கொண்டது. பழைய மாளிகையைச் சீரமைத்து, கூடுதல் இடத்துக்குப் பின்புறம் புதிய கட்டடம் கட்டினார்கள். காவல்துறைக்கு வேண்டிய இடமும் கிடைத்தது, கடற்கரைச் சாலை தன் முகத்தையும் இழக்கவில்லை. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகையின் பின்னால் மாநகராட்சி அம்மா மாளிகையைக் கட்டியதும் இதே வழியில்தான்.

முன்னால் பழையது, பின்னால் புதியது என்னும் இந்த உத்தியை உலகறியச் செய்த இடம் வாஷிங்டன். வெள்ளை மாளிகைக்கு எதிரேயுள்ள லஃபாயெட் சதுக்கத்தின் பத்தொன்பதாம் நூற்றாண்டு வீடுகளை இடித்து அரசு அலுவலகங்கள் கட்டும் திட்டம் ஒன்று 1960-ஐ ஒட்டிய ஆண்டுகளில் இருந்தது. கென்னடி குடியரசுத் தலைவரான பிறகு, 1962-இல் ஜான் கார்ல் வார்னெக்கி என்ற கட்டடக் கலைஞர் வேறு வழி காட்டினார். பழைய வீடுகளைச் சதுக்கத்தின் ஓரத்தில் அப்படியே வைத்துக்கொண்டு, அலுவலகங்களுக்கான உயர்ந்த கட்டடங்களை அவற்றின் பின்னே, செங்கல் முகப்போடு ஒதுங்கி நிற்குமாறு அமைத்தார். பின்புறத்தில் காலி நிலம் இருந்தால்தான் இந்த உத்தி பலிக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். கோட்டையில் அந்த நிலம் இல்லை.

வாஷிங்டனிடமிருந்து கற்க வேண்டியது கட்டட உத்தியைவிட, கேள்வியை எப்போது கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு என்பது என் கருத்து. 1966-ஆம் ஆண்டின் தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106-ஆம் பிரிவு, அரசின் எந்தத் திட்டமும் பணம் ஒதுக்கப்படும் முன்பே மரபுச் சொத்துக்கு அது என்ன செய்யும் என்று ஆராய வேண்டும் என்கிறது. அலுவலகம் தேடும் அரசுத் துறைகள் நகர மையத்திலுள்ள மரபுக் கட்டடங்களையே முதலில் பரிசீலிக்க வேண்டும் என்று 1996-இல் ஓர் ஆணையும் வந்தது; 2025-இல் அது விலக்கிக்கொள்ளப்பட்டது. இதனால் அங்கே எல்லாம் நலமாக நடக்கிறது என்று பொருளன்று. 106-ஆம் பிரிவு ஆராயச் சொல்கிறதே தவிர, இடிப்பதைத் தடுக்கும் அதிகாரம் அதற்கு இல்லை. ஆயினும் குடியிருப்பவர் என்ற முறையில் அரசுக்கு ஒரு கடமை உண்டு என்று எழுதிவைத்தது பெரிய செய்தி. காவல்துறைத் தலைமையகத்துக்காக நீதிமன்றம் போக வேண்டியிருந்ததற்குக் காரணம், அந்தக் கேள்வியைத் தொடக்கத்திலேயே கேட்கும் வழி நம்மிடம் இல்லாததுதான்.

அந்த வழி இல்லாததன் விலையைச் சென்னை 2003 முதல் 2014 வரை கொடுத்தது. 2003-இல் மெரினாவில் ராணி மேரிக் கல்லூரி வளாகத்தில் புதிய தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. 1914-இல் தொடங்கிய, நகரின் முதல் மகளிர் கல்லூரி அது. மாணவியர் வளாகத்துக்குள்ளேயே அமர்ந்து போராடினர், திட்டம் கைவிடப்பட்டது. பிறகு கோட்டூர்புரத்தில் இடம் பார்த்தார்கள், அதுவும் நிறைவேறவில்லை. ஆட்சி மாறியபின் ஓமந்தூரார் வளாகம் முடிவாயிற்று. ஜெர்மனியின் ஜி.எம்.பி. நிறுவனம் வடிவமைத்த புதிய சட்டமன்ற, செயலக வளாகத்தை 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். அதற்கு இடம் விட, ஆளுநர்கள் வாழ்ந்த பதினெட்டாம் நூற்றாண்டு அரசினர் மாளிகை இடிக்கப்பட்டது. அதன் துணைக் கட்டடமாக 1802-இல் ஜான் கோல்டிங்காம் கட்டிய விருந்து மண்டபம், இன்றைய ராஜாஜி மண்டபம், தப்பியது. 2011-இல் ஆட்சி மீண்டும் மாற, அவையும் செயலகமும் கோட்டைக்குத் திரும்பின. புதிய வளாகம் 2014-இல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறந்தது.

இதைக் கட்சிச் சண்டையாகப் பேசுவோர் உண்டு. நான் திட்டமிடலின் பக்கமிருந்து மட்டும் பார்க்கிறேன். எத்தனை மேசை, எந்தத் துறை, எவ்வளவு அண்மை என்ற கணக்கு அனைவரும் பார்க்கும்படி முதலில் வெளிவந்து, அதன் பிறகு இடம் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால், அடுத்து வருபவர் அந்தக் கணக்கோடு வாதாட வேண்டியிருந்திருக்கும். இங்கே முதலில் இடம் வந்தது. காரணங்கள் பின்னால் வந்தன. அதனால் ஒவ்வொரு முடிவும் அதை எடுத்தவரோடு ஒட்டிக்கொண்டது, அவர் போனவுடன் முடிவும் போயிற்று. ஆட்சிகள் மாறலாம், அலுவலகங்கள் திரும்பி வரலாம். இடித்த அரசினர் மாளிகை திரும்பி வராது. மருத்துவமனையால் ஏழை எளியோர் பெற்றுவரும் பயன் உண்மையானது, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டியதில்லை. ஆனால் மருத்துவமனைக்கென்று வரைந்த கட்டடமும், அலுவலகமாக வரைந்து மருத்துவமனையாக மாற்றிய கட்டடமும் ஒன்றல்ல.

நம்மிடம் சட்டக் கருவிகள் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னையின் மரபுக் கட்டடங்களாக 467 இடங்களை நீதிபதி பத்மநாபன் தலைமையிலான குழு பட்டியலிட்டது. 2010-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பட்டியலைத் தன் தீர்ப்பில் ஏற்று, பாதுகாக்கும் பொறுப்பைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின்கீழ் மரபுப் பாதுகாப்புக் குழுவிடம் விட்டது. 2012-இல் தமிழ்நாடு மரபு ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. ஆண்டுகள் பல கழிந்த பிறகே ஆணையம் அமைந்தது. பட்டியலில் உள்ளவற்றில் கணிசமானவை அரசின் கையிலேயே இருப்பவை. தனியார் ஒருவர் தம் பழைய வீட்டை இடிக்க அனுமதி கேட்டு அரசிடம் வர வேண்டும். அரசே இடிக்கும்போது கேட்பவரும் அரசு, கொடுப்பவரும் அரசு. ஆகவே ஆணையத்தின் குரல் வலுவாக இருக்க வேண்டிய இடம் அரசின் சொந்தக் கட்டடங்கள் பற்றிய முடிவுகளில்தான்.

கோட்டைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டால் என் எண்ணம் இது. சட்டமன்றமும் முதல்வர் அலுவலகமும், அவையோடு நாள்தோறும் தொடர்புள்ள சில துறைகளும் கோட்டையிலேயே இருக்கட்டும். ஆட்சி நடக்கும் கோட்டை என்பது அதன் வரலாற்று மதிப்பின் ஒரு பகுதி. அதைக் காலி செய்து பூட்டினால் முதல் இரண்டு மழைக்காலங்களிலேயே கூரை ஒழுகத் தொடங்கிவிடும், ஏனெனில் சுண்ணாம்புக் கட்டடத்துக்கு அன்றாடம் காற்றும் கவனிப்பும் வேண்டும். அவையோடு நெருக்கம் தேவையில்லாத பிரிவுகளும் உயிரோட்டம் முடிந்த கோப்புகளும் நகரின் வேறு பகுதிகளுக்குப் போகலாம். சேப்பாக்கத்தின் எழிலகமும் சைதாப்பேட்டையின் பனகல் மாளிகையும் செயலகத்துக்கு வெளியே அரசு நடத்த முடியும் என்பதை நெடுங்காலமாகக் காட்டிவருகின்றன. அப்படி விடுபடும் பழைய கட்டடங்களில் ஒரு பகுதியை அருங்காட்சியகத்தோடு சேர்த்துப் பொதுமக்களுக்குத் திறக்கலாம். இன்று பாதுகாப்புச் சோதனையைத் தாண்டிப் புனித மேரி தேவாலயம் வரை நடந்து போகும் குடிமக்கள் மிகக் குறைவு. இதற்கு ராணுவமும் தொல்லியல் துறையும் மாநில அரசும் ஒரே வரைபடத்தின்மேல் உட்கார வேண்டும்: எந்தச் சுவர் யாருடையது, எந்தத் தளம் எவ்வளவு சுமை தாங்கும், எந்த அறையில் இன்று யார் இருக்கிறார்கள் என்பதை அறை அறையாக அதில் குறிக்க வேண்டும். அந்த வரைபடம் தயாராகும் வரை, புதிய செயலகம் பற்றிய எந்த அறிவிப்பையும் ஓர் இடத்தின் பெயராக மட்டுமே எடுத்துக்கொள்ளலாம். திட்டம் என்று சொல்ல அதில் ஒன்றும் இருக்காது.